என் மண்புழுக்களும் உன் நைரோபியும்

நேற்று உன் மகள் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் வீடெல்லாம் வெந்தயப் பொடி வாசனை. "ஆன்ட்டி, அம்மாவோட ரெசிபி. டேஸ்ட் பண்ணிப் பாருங்க," என்றாள். உனக்கு வெந்நீர் வைக்கவே வராது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் விரலால் தொட்டு நக்கி, "அப்படியே உங்கம்மா கைமணம்," என்றேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்மேல் எனக்கிருந்த பொறாமை இன்னும் தீரவில்லை என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

தொண்ணூறுகளின் கடைசி, தில்லி. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, லோதி ரோடு பக்கம் இருந்த அந்த வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் இருவரும் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தோம். பூமியைக் காப்பாற்றும் பயிற்சி. "மண்புழு வளர்க்கவா உன்னை எம்.எஸ்ஸி. படிக்க வெச்சேன்?" என்றார் என் அப்பா. லக்ஷ்மிபாய் நகரில் அடுத்த பிளாக்கில் இருந்த உன் அப்பாவோ, "பொண்ணு இன்டர்நேஷனல் ஆபீஸ்ல இருக்கா," என்று பால் பூத் வரிசையில் நின்றவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். பார், அப்பாவிலேயே தொடங்கிவிட்டது என் பொறாமை.

அந்த ஆபீஸ் வாசலில் ஒரு பலகை. பஸ்ஸா, சைக்கிளா, நடையா, எப்படி வந்தோம் என்று தினமும் எழுத வேண்டும். நான் பஸ்ஸில் நசுங்கி, செருப்பு வார் அறுந்து, வந்து "பஸ்" என்று எழுதுவேன். நீ ஆட்டோவில் வந்து, முந்தின திருப்பத்திலேயே இறங்கி, துப்பட்டாவை ஒதுக்கிக்கொண்டு வந்து "நடை" என்று எழுதுவாய். இயக்குநர் மேடம் உன்னைப் பார்த்து உருகிப்போவார். இன்னொரு விதி, ஒரு பக்கம் மட்டும் அச்சான தாளைக் கிழிக்கக் கூடாது. 'ஒன் சைடு ட்ரே'யில் போட்டால், அடுத்தவர் அதன் முதுகில் அச்சடித்துக்கொள்வார்.

பின்கட்டில் ஆளுக்கொரு மண்புழுத் தொட்டி. காய்கறித் தோலைப் போட்டு உரமாக்க வேண்டும். யார் தொட்டி நன்றாக இருக்கிறதோ அவருக்கு நைரோபி இளைஞர் மாநாட்டில் இடம். ஒரே ஓர் இடம். நிறம், இந்தி, இங்கிலீஷ் எல்லாவற்றிலும் நீதான் முன்னால். புழுவில் மட்டும் நான். தோட்டக்காரர் என் தொட்டியைக் கிளறி, "வாஹ், க்யா மோட்டே மோட்டே கேஞ்சுவே!" என்று புழுக்கள் குண்டு குண்டாக இருப்பதை வியப்பார். அதுவரை எங்கள் வீட்டில் குண்டு என்றால் என்னைத்தான் சொல்வார்கள், அதுவும் பாராட்டாக இல்லை.

தேர்வு நாள், திங்கட்கிழமை. தொட்டியைத் திறந்தேன். குப்பென்று ஊறுகாய் வாசனை. ஒரு புழுகூட உயிரோடில்லை. ஆபீஸிலேயே தயிர்சாதமும் ஊறுகாயும் தின்பவள் நான் ஒருத்திதான். என் பாட்டில் அங்கேயே அலமாரியில் இருக்கும். மிஞ்சியதை நானே மறதியாகக் கொட்டியிருப்பேன் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். நானும்தான். நீ என்னைக் கட்டிக்கொண்டு, "விடுடீ, புழுதானே," என்றாய். சமோசா வாங்கித் தந்தாய். நைரோபி உனக்குப் போனது.

அன்று மதியமே மேடத்துக்கு இங்கிலீஷில் ஒரு மொட்டைக் கடிதம் தட்டினேன். உன்மேல் மூன்று குற்றங்கள்: ஆட்டோ, தெர்மோகோல் தட்டில் சாட், அணைக்காமல் போகும் கம்ப்யூட்டர். புகாராயிற்றே என்று மரியாதையாகப் புதுத்தாளில் அச்சடித்தேன். மேடத்தின் கதவு வரைக்கும் போனேன். தட்டாமலே திரும்பிவிட்டேன். அப்போதாவது கிழித்தேனா? ஆறு மாதப் பயிற்சி சும்மாவா? கை தானாக அதை ஒன் சைடு ட்ரேயில் போட்டது.

நைரோபியிலிருந்து எனக்கு ஒரு மர ஒட்டகச்சிவிங்கி கொண்டுவந்தாய். அதன்பிறகு நீ ஆட்டோ ஏறவேயில்லை. என்னோடு பஸ்ஸில் தொங்கினாய். "ஃபாரின் போயிட்டு வந்தவளுக்கு எளிமை வேஷம்," என்று வீட்டில் உன்னை வாய் ஓயாமல் பழித்தேன்.

போன மாதம் உன் மகள், உன் பீரோவிலிருந்த ஒரு பழைய தாளோடு வந்தாள். ஒரு பக்கம், நைரோபிக்கு நீ எடுத்துப்போன சாமான்களின் பட்டியல்: ஸ்வெட்டர், பருப்புப்பொடி, குடை. மறுபக்கம் என் புகார்.

"பாருங்க ஆன்ட்டி, எவனோ கேவலமானவன் அம்மாவைப் பத்தி என்னல்லாம் எழுதியிருக்கான்! கீழே அம்மா பென்சில்ல தமிழ்ல ஏதோ எழுதியிருக்கா. எனக்குத்தான் படிக்க வராதே. என்ன அது?"

எழுதியது யாரென்று நீ யோசிக்கவே வேண்டியிருந்திருக்காது. அந்த மூன்றையும் பார்த்தவள் நான் ஒருத்திதான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன்.

"நாலாவதை விட்டுட்டியேடீ. உன் தொட்டில ஊறுகாயைக் கொட்டினது நான்தான். உன் பாட்டில்லேர்ந்தே எடுத்தேன். உன் புழு என்னோடதைவிடக் குண்டா இருந்தது. தாங்கலை."

அரை நிமிஷம் கோபம். என் புழுக்கள்! என் நைரோபி! அதற்கப்புறம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அடக்க முடியாத சந்தோஷம். நீயா? என்னைப் பார்த்தா பொறாமைப்பட்டாய்? உயிரோடு இருக்கும்போதே இதைச் சொல்லியிருந்தால் சரோஜினி நகர் மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். அது தெரிந்துதான் சொல்லவில்லை போலிருக்கிறது.

"ஏன் ஆன்ட்டி சிரிக்கிறீங்க? கண்ணுல தண்ணி வேற."

"ஒண்ணுமில்லை கண்ணா. எலுமிச்சை ஊறுகாய் ரெசிபி."

"அச்சா, அப்படியா? இவ்வளவு சின்னதாவா?"

"உங்கம்மா எதையும் சுருக்கமாத்தான் சொல்லுவா. நான் விளக்கமா சொல்றேன், எழுதிக்கோ."

என் ஊறுகாயை, நீ என் தொட்டியில் கொட்டிய அதே ஊறுகாயை, வெந்தயம் வறுக்கும் பக்குவம் வரை சொன்னேன். அந்தக் கேவலமானவன் யார் என்று மறுபடி கேட்டாள். "இருந்தான் ஒருத்தன், பாவம்," என்றேன். தாளை மட்டும் அவளிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டதால் நம் ஆபீஸ் விதிப்படி இனி எந்த ட்ரேயிலும் அதற்கு இடமில்லை. என் பீரோவில், ஒட்டகச்சிவிங்கியின் காலடியில் இருக்கிறது.

நேற்று கிளம்பும்போது உன் மகள் சொன்னாள்: "மாமியார் வீட்டுல எல்லாரும் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க ஆன்ட்டி. அம்மா பேரைச் சொல்லிச் சொல்லிச் சாப்பிடறாங்க."

நைரோபியும் உனக்கு, என் ஊறுகாயின் பேரும் உனக்கு. இருக்கட்டும். புழு என்னுடையதுதான் குண்டு. அதை நீயே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறாய்.