என் கால் எட்டுகிற வண்டி

காய்கறி வாங்கக்கூட என்னிடம் சொல்லாமல் போகாத என் வீட்டுக்காரருக்கு,

சொல்லாமல் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஏதோ பிரியம் பொங்கி இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பிரியம் இருக்கிறது, அது எங்கே போகும்? ஆனால் இன்றைக்குப் பேனாவை எடுத்தது கோபத்தில்தான். வண்டி வாங்கிவிட்டேன். நானே ஓட்டுவதற்கு. அதற்குள் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? எல்லாவற்றுக்கும் காரணமே நீங்கள்தானே.

புத்தூர் ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் பிரிவில் எனக்கு வேலை. ஆறு மணிக்கு முதல் ஆளைப் படுக்க வைத்து மெஷினில் இணைத்தாக வேண்டும். பதினோரு வருஷம் விடியற்காலையில் அந்த எருமைக் கனத்து வண்டியின் பின்னால் என்னை உட்காரவைத்து, ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி, புத்தூரில் இறக்கிவிட்டு, அப்புறம் ஊரின் மறுகோடியில் துவாக்குடிக்கு உங்கள் வேலைக்குப் போனீர்கள். பெண்டாட்டிக்காக இப்படிச் சுற்றிக்கொண்டு போகிறாரே என்று தெருவே மெச்சியது. நானும்தான் மெச்சினேன். நடுநடுவே கேட்டும் பார்த்தேன். "எனக்கும் ஓட்டக் கத்துக் கொடுங்களேன்." ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். "நான் இருக்கேன்ல தனம், உனக்கு எதுக்கு வண்டி?"

இருந்தீர்களா?

நெஞ்சு வலி என்று ஃபேக்டரியிலிருந்து போன் வந்தது. நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பது நாள் கழித்து வேலைக்குத் திரும்பிய அன்றே தெரிந்துவிட்டது, எனக்குக் கால் இல்லை என்று. முதல் பஸ் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. வந்தாலும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, புத்தூருக்கு இன்னொன்று பிடிக்க வேண்டும். பேசிவைத்த ஆட்டோக்காரர் வாரத்தில் இரண்டு நாள் தூங்கிவிடுவார். நான் இருபது நிமிஷம் லேட்டாகப் போனால், ராத்திரியெல்லாம் மூச்சு முட்டிக் காத்திருந்த மனுஷன் இன்னும் இருபது நிமிஷம் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

எங்கள் இன்சார்ஜ் மேடம் நல்லவர்தான். அவரும் எத்தனை நாள் பொறுப்பார்? "தனம், ரெண்டு மாசம் டைம் தரேன். அதுக்கப்புறமும் லேட்டானா மத்தியான ஷிப்டுக்குத்தான் மாத்தணும், என்னைத் தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். மத்தியான ஷிப்ட் என்றால் வீடு திரும்ப இரவு பதினொன்று ஆகும். நித்யா பிளஸ் டூ படிக்கிறாள். பெண்ணை அத்தனை நேரம் வீட்டில் தனியாக விட்டுவிட்டு நான் என்ன வேலை பார்ப்பேன்? அந்த இரண்டு மாசத்துக்குள் எனக்கு ஒரு வண்டி வேண்டும், அதை ஓட்டத் தெரியவும் வேண்டும்.

உடனே உங்கள் வண்டி வாசலில் நிற்கிறதே என்பீர்கள். நிற்கிறது, நிற்கிறது. ஸ்டாண்டிலிருந்து இறக்கிப் பார்த்தேன். அப்படியே என் மேல் சாய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து தூக்கியிராவிட்டால் என் முழங்கால் போயிருக்கும். நாலு அடி பத்து அங்குலப் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு எந்தப் புண்ணியவான் இப்படி ஒரு வண்டி வாங்குவான்? அதை விற்கலாம் என்றால் உங்கள் தம்பி விடவில்லை. "அண்ணன் ஞாபகம் அண்ணி, அது மட்டும் இருக்கட்டும்" என்றார் சேகர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காட்டூரிலிருந்து வருவார். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, கால்மணி நேரம் முறுக்கு முறுக்கென்று முறுக்கி, தெரு முழுக்கப் புகை போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போவார். அந்தப் புகை வாடை போக எனக்குச் சாயங்காலம் ஆகும். பாவம் மனுஷன், சண்டை போடவும் மனசு வராது.

ஸ்கூட்டர்தான் எனக்குச் சரி என்று ஊர் உலகமே தீர்மானம் பண்ணியது. நானும் சரியென்று, கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் ஸ்கூட்டரை ஒருநாள் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். சீட்டு அகலம். காலை விரித்து உட்கார்ந்தால் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொடுகிறது. நம் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய பள்ளங்கள் உங்களுக்குத் தெரியுமே. அந்தச் சின்னச் சக்கரம் ஒரு பள்ளத்தில் பொசுக்கென்று இறங்கியது, காலை ஊன்றலாம் என்றால் தரை எட்டவில்லை. விழுந்தேன். முழங்கையில் தோல் உரிந்து பத்து நாள் எரிச்சல். உங்களைத் திட்டிக்கொண்டேதான் மருந்து போட்டேன்.

அப்போது வழிகாட்டியது மும்தாஜ். எங்கள் வார்டு நர்ஸ், பாலக்கரைப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் புருஷன் துபாயில் இருக்கிறார். அவர் விட்டுப்போன சின்ன மோட்டார் சைக்கிளைத்தான் இவள் ஓட்டுகிறாள். மெலிந்த வண்டி. பெரிய சக்கரம், ஒடுங்கின சீட்டு. "சும்மா ஏறி உக்காருங்கக்கா" என்றாள். உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அந்த நிமிஷம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவுதானா விஷயம்? இதற்கா இத்தனை வருஷம்?

நாலு ஞாயிறு, கொள்ளிடக்கரை ரோட்டில் அவள் கற்றுத்தந்தாள். கிளட்ச்சை விட்டால் வண்டி நின்றுவிடும், விடாவிட்டால் நகராது. நாற்பத்து மூன்று வயதில் நடுரோட்டில் உதறி உதறி நின்றேன். "யா அல்லாஹ், கோழிய அமுக்குற மாதிரி அமுக்காதீங்கக்கா, மெதுவா விடுங்க!" என்று அவள் பின்னாலேயே ஓடிவருவாள். லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவை எட்டுப் போடும்போது காலை ஊன்றித் தோற்றேன். இரண்டாவது தடவை ஊன்றவில்லை. லைசென்ஸ் கையில் வந்த அன்று வீட்டுக்கு வந்து உங்கள் போட்டோ முன்னால் அதைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சமைக்கப் போய்விட்டேன்.

ஷோரூமுக்குத் தனியாகத்தான் போயிருக்க வேண்டும். புத்தி கெட்டுப்போய் சேகரையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த பையன் என் முகத்தையே பார்க்கவில்லை. "சாருக்கு டெய்லி எவ்வளவு தூரம் ஓட்டம் சார்?" என்று சேகரைக் கேட்டான். புத்தூர் வரை என்று நான் சொன்னேன். "மைலேஜ் நல்லா வரும் சார்" என்று சேகரிடம் பதில் சொன்னான். நான் கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து ஒவ்வொரு வண்டியாகச் சீட்டு உயரம் அளந்துகொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவன் ரொம்ப மரியாதையாக வந்தான். "மேடம், பின்னாடி உக்காந்து பாருங்க மேடம். சீட்டு நல்லா மெத்துன்னு இருக்கும்."

எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"தம்பி, நான் பதினோரு வருஷம் பின்னாடி உக்காந்து பாத்தாச்சு. ஓட்டப் போறது நான். சாவியக் குடுங்க" என்றேன்.

அவன் திருதிருவென்று சேகரைப் பார்த்தான். சேகர் என்னைப் பார்த்தார். "அண்ணி, லேடீஸ் வண்டி அந்தப் பக்கம் இருக்கு, ஒரு தடவை பாத்துடலாமே" என்றார் மெதுவாக. லேடீஸ் வண்டியாம்! வண்டியில் என்ன ஆண், பெண்? பள்ளம் ஆள் பார்த்தா விழவைக்கிறது? மூன்று வண்டியை ஓட்டிப் பார்த்தேன். ஒன்று கனம். ஒன்றில் பிரேக் மிதி எட்டவில்லை. மூன்றாவதை நானே ஸ்டாண்ட் போட்டேன், நானே இறக்கினேன், பின்னுக்குத் தள்ளித் திருப்பினேன். இருப்பதிலேயே சின்ன வண்டி, இருப்பதிலேயே லேசான வண்டி. நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். சிரித்தால் சிரியுங்கள்.

இனித்தான் முக்கியமான சங்கதி. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பூஜை. குருக்கள் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டி, இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். "எடுங்கோ" என்றார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தேன். சேகர் வண்டியின் ஹேண்டிலில் கை வைத்துக்கொண்டு நின்றார். நகரவில்லை.

"அண்ணி, முதல் தடவை நான் எடுத்துக் குடுத்துடறேன். நீங்க... மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா தாங்க முடியாது அண்ணி."

அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். புருஷனை இழந்தவள் ஒரு நல்ல காரியத்தை முதலில் தொடக்கூடாது. வாங்கலாம், மாதா மாதம் தவணை கட்டலாம், விடியற்காலையில் எழுந்து ஓட்டலாம். ஆனால் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றக்கூடாது! சேகர் கெட்டவர் இல்லை. பயம். அண்ணனைப் பறிகொடுத்த பயம். அது எனக்குப் புரிகிறது. புரிவதால்தான் இன்னும் எரிச்சல். யாரையும் வாய்விட்டுத் திட்டக்கூட முடியாத இந்த நல்லவர்கள் நடுவில் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் குருக்கள் கேட்டார். "வண்டி யார் பேர்ல? தனலட்சுமி, பரணி நட்சத்திரம்னுதானே இப்ப அர்ச்சனை பண்ணினேன்? அவாளே எடுக்கட்டும். சீக்கிரம் ஆகட்டும், எனக்கு உள்ளே நைவேத்தியம் ஆறிண்டிருக்கு."

மகராசன், நன்றாக இருக்கட்டும். ஏறி உட்கார்ந்தேன். ஸ்டார்ட் பண்ணி, கியர் போட்டு, கிளட்ச்சை விட்டேன். பழத்தின் மேல் பாதி ஏறி வண்டி நின்றுவிட்டது. பின்னால் யாரோ "ச்சு" கொட்டினார்கள். மறுபடியும் நின்றது. ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்குகிறது. சேகர் ஒரு எட்டு முன்னால் வந்து, என்ன நினைத்தாரோ, அப்படியே நின்றுவிட்டார். மூன்றாவது தடவை ஏறியது. முன்சக்கரப் பழம் நசுங்கியது. பின்சக்கரப் பழம் வழுக்கி ஓடி, குருக்கள் காலடியில் போய் நின்றது. நித்யா கைதட்டினாள். சேகர் கோயில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

போகும்போது அவரிடம் உங்கள் வண்டிச் சாவியைக் கொடுத்தேன். "தம்பி, அண்ணன் ஞாபகத்த இனிமே உங்க வீட்டு வாசல்லயே ஸ்டார்ட் பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை காபி மட்டும் இங்க வந்து குடிங்க" என்றேன். அழுதுகொண்டே சிரித்தார். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்றுத்தான் வண்டியில் வேலைக்குப் போன முதல் நாள். ஐந்தே காலுக்குக் கிளம்பினேன். அம்மா மண்டபம் ரோட்டில் ஒருமுறை நின்றது. பால் வண்டிக்காரன் ஹார்ன் அடித்துக் காதைக் கிழித்தான். போடா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு மறுபடி எடுத்தேன். பாலத்தில் ஏறினேன். பக்கத்தில் புதுப் பாலத்துத் தூண்கள் நிற்கின்றன. கீழே தண்ணீர் நிறையப் போகிறது. உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பதினோரு வருஷம் அந்தப் பாலத்தைத் தாண்டியிருக்கிறேன். எதிரில் எனக்குத் தெரிந்தது உங்கள் சட்டைக் காலர்தான். நேற்றுத்தான் பாலம் முழுசாகத் தெரிந்தது. மலைக்கோட்டை நேர் எதிரே விளக்கோடு நின்றது. காற்று நெஞ்சில் வந்து மோதியது. எனக்குச் சிரிப்பு வந்தது. யாரும் பார்க்கவில்லை, ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஐந்தே முக்காலுக்கு வார்டில் நின்றேன். முதல் ஆளை ஆறு மணிக்கு மெஷினில் இணைத்தேன். அதற்கப்புறம் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஏன் தெரியுமா? நீங்கள் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. நீங்கள் இருந்திருந்தால் அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்தே இருக்காது. உங்களைப் பறிகொடுத்துத்தான் அது கிடைத்தது. கிடைத்தது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. இதை நான் எந்த முகத்தோடு வெளியே சொல்வேன்? ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம், சும்மா பத்தே நிமிஷம், கொள்ளிடக்கரையில் என்னை ஓட்டவிட்டு நீங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நான் சிரிப்பதை நீங்களும் கேட்டிருப்பீர்களே. அதைக் கேட்காமலே போய்விட்டீர்களே, மனுஷா!

வரும் ஆனியில் நித்யாவுக்குப் பதினெட்டு முடிகிறது. முடிந்த மறுநாளே அவளை வண்டியில் முன்னால் உட்காரவைப்பேன். விழுந்தால் விழட்டும், மருந்து போடுகிறேன். அவளுக்கு வரப்போகிறவன் எத்தனை நல்லவனாக இருந்தாலும், தங்கமானவனாகவே இருந்தாலும், அவன் வருவதற்கு முன்னால் அவளுக்கு ஓட்டத் தெரிந்திருக்கும். இது உங்கள் மேல் சத்தியம்.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் நித்யாவின் அம்மா,
உங்கள் பெண்டாட்டி
தனம்