சாம்பல் நிறப் பிழை

நவம்பர் 4, திங்கள்

விடியலிலிருந்து மழை. கும்மிடிப்பூண்டி ரயில் தாமதம். நனைந்தபடியே ஆபீஸ்.

எங்கள் இறால் கம்பெனியின் ஆபத்து எச்சரிக்கை ஆப்பில் வரும் பிழைகளைப் பார்க்கும் வேலை இந்த வாரம் எனக்கு. கண்காணிப்புக் கருவி ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பெயர் ஒட்டும். ஆப் செத்து மூடிக்கொண்டால் சிவப்பு: ‘க்ராஷ்’. ஆப்பின் புரோகிராம் கோடே பிழையைப் பிடித்துச் சமாளித்தால் சாம்பல்: ‘ஹேண்டில்டு’. சாம்பலை யாரும் திறப்பதில்லை.

திறந்தேன். இறாலை உறைய வைக்கும் குளிர் இயந்திரத்திலிருந்து அம்மோனியா வாயு கசிந்தால் சூப்பர்வைசர்களின் போன் அலற வேண்டும். சில புது மாடல்களில், திரை பூட்டியிருந்தால், அலற அனுமதி இல்லை. கோடு அந்தப் பிழையைப் பிடித்து விழுங்கிவிடுகிறது. ஆப் ஓடும், சத்தம் வராது. கருவியைப் பொறுத்தவரை எல்லாம் நலம்.

தங்கை ஸ்டெல்லாவின் போனும் அதே மாடல். எதிர் ஷெட்டில், இறால் உரிக்கும் பிரிவில் சூப்பர்வைசர் அவள்.

நவ. 5

டீம் லீடர் முரளி சாரிடம் காட்டினேன். “ஆப் க்ராஷ் ஆவலியேம்மா. ரெட்டு வந்தா பாக்கலாம். இன்னாத்துக்கு பேஜாரு?”

ஷெட்டில் சைரனும் ரிப்பேர், சார் என்றேன்.

“அதான் ஆப் இருக்குதே.”

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு, லாக் பண்ணாமல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். “பாக்கெட்ல போட்டா அதுவே லாக் ஆயிடுதுக்கா. நீ வேற பயந்துகினு.” சிரிக்கிறாள்.

திருத்தம் எழுதி அனுப்பினேன். சாரின் ஒப்புதல் வரவில்லை.

நவ. 6

டீ நேரத்துக்குப் பிறகு, ஆப்பைச் சோதிக்க நான் வைத்திருக்கும் பழைய மாடல் போன் அலறியது. அம்மோனியா. ஸ்டெல்லா போனை எடுக்கவில்லை. ஓடினேன்.

ஷெட் வாசலில் கண்ணைக் கசக்கியபடி பெண்கள். மூச்சடைக்கும் நெடி.

“ஸ்டெல்லா எங்க?”

“கௌரி உள்ள மயங்கி வுழுந்துட்டா. இட்டாரப் போயிருக்குது.”

ஏசப்பா, ஏசப்பா. வேறெதுவும் வாயில் வரவில்லை.

வந்தாள். கௌரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இருமியபடி.

“போனு கத்தவே இல்லக்கா. நெடி அடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது.”

கௌரி பொன்னேரி ஆஸ்பத்திரியில். பிழைத்துக்கொள்வாளாம்.

கருவியில் புதிதாக ஒரு பிழை. இதுவும் சாம்பல். முரளி சார் என் முகத்தைப் பார்க்காமலே திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். அந்தப் பிழைக்கு ‘உயிராபத்து’ என்று நானே பெயர் மாற்றினேன்.

நவ. 7

திருத்தம் எல்லாப் போன்களுக்கும் போய்விட்டது. பூட்டி வைத்துச் சோதித்தோம். அலறுகிறது.

ஆனாலும் ஸ்டெல்லா உள்ளே போகவில்லை. “சைரன் மாட்ற வரைக்கும் ஒருத்தியும் போமாட்டோம்.” அவள் பிரிவுப் பெண்கள் எல்லோரும் கேட் அருகே தரையில். மேனேஜர் ஒவ்வொருவராகப் பேர் எழுதுகிறார்.

“நீ ஆபீஸ் ஆளுக்கா, உள்ள போ. உன் வேலையும் பூடும்.”

பயம்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மடியில் வைத்து இதை எழுதுகிறேன். மேனேஜர் எங்களுக்கு முன்வரிசை வரை வந்துவிட்டார்.