கறுப்புப் பொட்டு ஓர் அட்டை

அன்புள்ள அம்மாவுக்கு லோகப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? கோவையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன சனிக்கிழமை ஹாஸ்டல் அறையில் தேர்வுக்கான பாட ஃபைல் ஒன்றை இறக்கப் பார்த்தேன். திரையைப் படித்துச் சொல்லும் குரல், அந்தப் பக்கத்தில் 'டவுன்லோட், டவுன்லோட்' என்று சொல்லிக்கொண்டே போனது. கண் தெரிந்தவர்களுக்கு எது விளம்பரம் என்று தெரிந்துவிடுமாம். நான் முதலில் வந்ததை அழுத்திவிட்டேன். வேறெதுவோ இறங்கியது. அதை அழித்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அறைத்தோழி யாஸ்மின் உள்ளே வந்தாள்.

"ஏனுங்க லோகு, வீடியோல யார்கிட்டப் பேசறீங்க? கேமரா லைட்டு எரியுதுங்களே!"

எப்போதிலிருந்து எரிந்ததோ. லேப்டாப்பைப் படாரென்று மூடினேன். தவறாக இறங்கியது, அழித்தும் போகாமல் கேமராவைத் திறந்துவிட்டதாம். கடையில் கொடுத்துச் சுத்தம் செய்தாயிற்று. "இனி ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் கடைக்காரர். நீங்கள் பயப்படாதீர்கள்.

கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். உரிந்துவிட்டதா என்று அடிக்கடி தடவிப் பார்க்கிறேன். அப்பா வரும்போது கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஓர் அட்டை கொடுத்துவிடுங்கள். சின்ன வயதில் யார் கண்ணும் படக்கூடாதென்று என் கன்னத்தில் வைப்பீர்களே, அந்த அளவில்.

யாஸ்மின் வெளியே கிளம்புகிறாள். அவள் இல்லாதபோது நான் லேப்டாப்பைத் திறந்து வைப்பதில்லை. இந்தக் கடிதத்தையும் அதில்தான் தட்டுகிறேன், முடிக்கிறேன்.

லோகு