கழுவிய எஞ்சின்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ விற்கச் சொன்ன சிவப்புக் காரை விற்றுவிட்டேன். வாங்கியது நான்தான்.

திட்டுவதற்கு முன் முழுதும் படி. வீட்டுக்கு முன்பணம் கட்ட மாதக் கடைசிக்குள் பணம் வேண்டும், ஆனாலும் வண்டி ஆசையாக ஓட்டுகிறவர் கைக்குத்தான் போக வேண்டும், சைலன்ஸரை மாற்றி ஊரை எழுப்புகிறவனுக்கோ பிரித்து உதிரியாக விற்கிறவனுக்கோ கொடுத்துவிடாதே என்று எழுதியிருந்தாய். பதினெட்டு வருஷம் ஓடிய மூன்று கதவு வண்டிக்கு இத்தனை நிபந்தனையா, மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நீ இவ்வளவு கேட்கவில்லையே என்று சிரித்துக்கொண்டுதான் விளம்பரம் கொடுத்தேன். வந்தவர் ஒரு பல் டாக்டர், படிக்கிற காலத்திலிருந்தே இந்த மாடலைத் தேடுகிறாராம். நான் என்ன செய்தேன், நம் குழாய்க்கடையில் சரக்கைத் துடைத்துப் பளபளவென்று அடுக்குகிற மாதிரி ஆள் வைத்து வண்டியைக் கழுவி, மெழுகு போட்டு, எஞ்சினையும் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, அவர் வருவதற்கு முன்னால் கொஞ்சம் ஓடவிட்டும் வைத்தேன். சாவியைத் திருப்பியதும் கிளம்ப வேண்டுமே, வியாபார புத்தி. மனிதர் பெயிண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காய்ச்சல் பார்ப்பது போல பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, "ஏம்மா, இப்பதான் ஓட்டினீங்களா? ஆறின எஞ்சின் எப்படிக் கிளம்புதுன்னு பாக்கத்தானே விடிஞ்சதும் ஓடி வந்தேன்" என்றார். மூடியைத் திறந்ததும் முகம் சுருங்கிவிட்டது. "வாயைத் துடைச்சுட்டு வந்து நான் ஒண்ணுமே சாப்பிடலைன்னு சொல்ற பிள்ளை மாதிரி இருக்கும்மா இது. எண்ணெய் எங்க கசியுதுன்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சரக்கு தெரிந்த ஆள் மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு, என்ன செய்யணும் தம்பி என்று கேட்டேன். ஒரு வாரம் நன்றாக ஓட்டி அழுக்காக்கி வையுங்கள், வந்து பார்க்கிறேன் என்றவர், வாசல்வரை போய்த் திரும்பி, "மெதுவா மட்டும் ஓட்டாதீங்கம்மா, இது அதுக்குச் செஞ்ச வண்டி இல்ல" என்றார். சரி, அதுவரை வேறு யாருக்கும் காட்ட மாட்டேன், உங்களுக்குத்தான் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

அழுக்காக்கத்தான் ஓட்டினேன், நம்பு. எனக்கு இருப்பது சரக்கு வேன் ஓட்டிப் பழகிய கால், கியரைச் சட்டுச்சட்டென்று மேலே தள்ளிவிடுவேன், வண்டி முனகிக்கொண்டே வந்தது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, புறவழிச்சாலையில் மூன்றாவது கியரை மாற்றாமல் மிதித்தேன். எஞ்சின் சுற்றைக் காட்டுகிற முள் நாலாயிரத்தைத் தாண்டியதும் முனகல் போய் ஒரு பாட்டு கிளம்பியது பார், இதை ஏன் நீ எனக்குச் சொல்லவேயில்லை? வளைவில் திருப்பினால் நினைத்த கோட்டிலேயே போகிறது, சீட் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது. குடோனுக்கு நேர்வழி இருக்க ஏரியைச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். "முதலாளியம்மா இப்பல்லாம் லாரிக்கு முன்னாடியே வந்துடறாங்க, லாரிக்காரனுக்கே வெக்கமா இருக்காம்" என்று கணக்காளர் கேலி செய்கிறார். அப்பா ஒரு நாள் கூட வந்தார், மேல் கைப்பிடியை விடவேயில்லை, ஐயோ ஐயோ என்று சத்தம் வேறு. இறங்கி வேர்வையைத் துடைத்துவிட்டு, "ம்ம், இன்னொரு தடவை போலாமா?" என்றார்.

வாரம் முடிந்து டாக்டர் வந்தார். தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார், எஞ்சின் தலை மூடியில் மட்டும் லேசான கசிவு, ரப்பரை மாற்றினால் போதும், தெரிந்த குறை பாதிக் குறை என்று சந்தோஷமாக எழுந்தார். நாம் கேட்ட விலையை அப்படியே தருகிறேன் என்றார். நானோ, பெட்ரோலைக் குடிக்கும் தம்பி, பள்ளத்தில் விழுந்தால் முதுகெலும்பை எண்ணிவிடும், பின் சக்கரத்து மேல் துரு இருக்கிறது, பின் சீட்டில் ஏற உடம்பை மடிக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். என் பிழைப்பில் சொந்தச் சரக்கை நான் மட்டம் தட்டிப் பேசியது இதுதான் முதல் தடவை. அவர் சிரித்துவிட்டார். "குறையை மறைக்கிறவங்களைப் பாத்திருக்கேன், இவ்வளவு பெருமையா சொல்றவங்களைப் பாத்ததில்லைம்மா. சாவியைக் கேட்டா கைப்பையை மார்போட அணைச்சுக்கிறீங்க. விக்க மனசில்ல, அப்படித்தானே?" என்றார். ஆமாம் தம்பி, ஆனால் வாக்கு வாக்குதான், நீங்கள் கேட்டால் கொடுத்துவிடுவேன் என்றேன். சாவியை வாங்கிக்கொண்டு தனியாக ஒரு சுற்று போய்வந்தார். வரும்வரை நான் வாசலிலேயே நின்றேன். வந்தவர் கொஞ்ச நேரம் இறங்கவேயில்லை. பிறகு சாவியை என் கையில் வைத்து, "வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்மா. இதோட டைமிங் பெல்ட்டை இந்த மாசமே மாத்திடுங்க, அறுந்தா எஞ்சினே போயிடும். என்னைக்காவது வித்தா எனக்குத்தான் முதல்ல சொல்லணும்" என்றார். சம்மதித்தேன். பெல்ட்டை மாற்றியும் ஆயிற்று.

புது வீட்டுக்குக் கையெழுத்துப் போடுமுன் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பார், மாடியில் தண்ணீர் நூலாக வந்தால் விலையைக் குறை. ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. இரண்டு பேரும் சொந்த வீட்டில் குறைவில்லாமல் வாழ வேண்டும், அம்மா அப்பா ஆசீர்வாதம். வண்டிப் பெயர் மாற்றும் தாளில் மறக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பு. டாக்டர் சொன்ன மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தை நேற்றே உன் கணக்குக்கு அனுப்பிவிட்டேன், தாய் என்று ஒரு காசு குறைக்கவில்லை, மகள் என்று ஒரு காசு கூட்டவுமில்லை. விடுமுறைக்கு வரும்போது நீ தாராளமாக ஓட்டலாம், என்னைக் கேட்டுவிட்டு, பெட்ரோலை நீ நிரப்பி.

இப்படிக்கு, வண்டிக்காரி ஆகிவிட்ட
உன் அம்மா