இடது சீட்டில் பிரேக் இல்லை

ஜன. 11, ஞாயிறு

காலையில் நல்ல பனி. எதிர்வீட்டு மாடியே தெரியவில்லை.

வேலை: ஹெட்லைட் கண்ணாடி துடைக்க. பனிக்கு மஞ்சள் விளக்கு. என் வீட்டுக்காரருக்கு ஸ்வெட்டர்.

மஞ்சள் விளக்கு போட்டாயிற்று, பம்பருக்குக் கீழே. மெக்கானிக்: "வெள்ள வேணாங்க்கா, பனியில கண்ணுலயே திருப்பி அடிக்கும். மஞ்சளும் டிம்மும் போதும். பிரைட்டு மட்டும் போட்டுடாதீங்க." அவரிடம் காட்டினேன். தலையாட்டினார். அவ்வளவுதான். காலமெல்லாம் கம்பெனி வேன் ஓட்டிய மனிதர். கிட்னி போனபின் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஸ்டியரிங் என்னிடம். முன்பெல்லாம் நான் கியர் மாற்றினாலே ஒரு திட்டு விழும். இப்போது அதுவும் இல்லை.

ஜன. 12, திங்கள்

டயாலிசிஸ், பூந்தமல்லி. பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் மட்டும் திட்டுத்திட்டாகப் பனி. பயத்தில் பிரைட் போட்டுவிட்டேன். எதிரே வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி, ரோடே காணோம். நானே டிம் பண்ணினேன். அவர் வாயே திறக்கவில்லை.

திரும்பும்போது திறந்தார். "பொதங்கெழம போகி. பொகையில போவ வேணாம். ஒரு வாட்டி போவலன்னா இன்னா இப்போ? எவ்ளோ நாளிக்கித்தான் இப்டியே போய்கினு வர்றது?"

ஒரு தடவை விட்டாலும் மூச்சு முட்டும் என்று நர்ஸ் சொன்னது அவருக்கும் தெரியும். தெரிந்தே சொல்கிறார்.

ஜன. 13, செவ்வாய்

கால் வீங்கியிருக்கிறது. சாப்பாடு வேண்டாமாம்.

தெருப் பிள்ளைகள் கிழிந்த பாய், டயர் எல்லாம் குவித்து வைத்திருக்கிறார்கள். "டயர மட்டும் கொளுத்தாதீங்கப்பா" என்றேன். "சரி ஆன்ட்டி." நம்பிக்கை இல்லை.

ஆஸ்பத்திரிக்கு போன். புகை அடங்கி நாளை மதியம் வர இடம் இல்லை, காலை முறையை விட்டால் வெள்ளிதான். எல்லோர் மேலும் கோபம். அதிகம் அவர் மேல்.

ஜன. 14, போகி

போனோம். வந்தோம்.

குண்டுக்கட்டாகத் தூக்காத குறைதான், காரில் ஏற்றினேன். பனியும் புகையும். டயர் நாற்றம், கொளுத்திவிட்டார்கள். டிம், மஞ்சள், பாதி இறக்கிய ஜன்னல், இரண்டாவது கியர். முன்னால் ஒரு லாரி, நாலு இண்டிகேட்டரும் மினுக்கிக்கொண்டு. இங்கே நேராகப் போகிறவர்களும் நாலையும் போடுவார்களே, ஓடுகிற லாரி என்று நினைத்துப் பின்னாலேயே போனேன்.

"பிரேக்கு! பிரேக்கு மிதி! நின்னுகினு கீறான்டி அவன்!"

மிதித்தேன். லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம்.

"இப்ப நீ போடு நாலையும். நின்னாத்தான் போடணும், ஓடும்போது போடக்கூடாது. எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்? கண்ண எங்க வச்சிகினு ஓட்ற?"

பூந்தமல்லி வரை திட்டு. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். காட்டிக்கொள்ளவில்லை.

இறங்கும்போது அவருடைய வலது செருப்பு காலோடு வரவில்லை. பிரேக்கே இல்லாத இடத்தில் மிதித்த மிதியில் வார் அறுந்து கிடந்தது.

"புதுசு வாங்கினு வா" என்றார். "ரொம்ப நாளு ஒழைக்கறதா பாத்து வாங்கு."