பரணிலிருந்து இறங்கிய பிள்ளைகள்

நர்ஸம்மா,

பரணில் காயும் மலைப்பூண்டின் நெடி இன்று காலை வீடு முழுக்க இறங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து, அம்மை குத்த வந்த புது ஆள் வாசலில் நின்று, நீங்கள் போன மாதம் இறந்துபோனதாகச் சொன்னார். அவரை உட்காரச் சொல்லவில்லை. உங்கள்மேல் இருந்த கோபம் அவர்மேல் போயிற்று.

பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கற்றவன் நான். பிழை இருந்தால் இருக்கட்டும்.

நீங்கள் முதலில் வில்பட்டிக்கு வந்தபோது ஊரில் ஒரு குழந்தைகூட இல்லை. "எல்லாம் கன்னிவாடிக்கு விருந்துக்குப் போயிருக்குதுகம்மா" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர் தலைக்குமேலேயே யாரோ தும்மினார்கள். "கன்னிவாடித் தும்மல் இங்க வரைக்கும் கேக்குதே" என்றீர்கள். யாரும் சிரிக்கவில்லை. ஊசிக்காரர் வந்தால் பிள்ளைகளைப் பூண்டுக்கட்டுக்குப் பின்னால் பரணில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துவிடுவது எங்கள் வழக்கம். குத்தினால் மாரியாத்தா கோபிப்பாள் என்ற பயம்.

அதற்கு முந்தின வருஷம் என் மகளை அம்மை கொண்டுபோயிருந்தது. முத்துப் போட்டு இறந்த பிள்ளைக்கு அழக்கூடாது, நாங்கள் அழவில்லை. அதைக் கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்தீர்கள். நீங்கள் சொன்னால் ஊர் கேட்காது, பறிகொடுத்தவன் சொன்னால் கேட்கும் என்பது உங்கள் எண்ணம். சாவடியில் சொன்னேன். ஊசிக்காரர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, அதனால் பிள்ளை போயிற்று என்றேன். உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். ஓர் ஏணிகூட நகரவில்லை.

முந்தின வருஷம் வந்த ஊசிக்காரரின் நோட்டில் எங்கள் வீட்டுக்கு நேரே 'பிள்ளை வெளியூர்' என்று இருந்ததை நீங்கள் பார்த்திருந்தீர்கள். என்னை வரப்பில் நிறுத்தி, "பாதியத்தான் சொல்றீங்கண்ணே. அதுக்கு ஒரு பிள்ளையும் எறங்காது" என்றீர்கள்.

மறுவாரம் முழுதும் சொன்னேன். வந்தவரிடம் பொய் சொன்னதும் அவளைப் பரணில் ஏற்றியதும் நான்தான் என்றேன். தூணோரம் என் மனைவி நின்றிருந்தாள். டவுனில் பங்களா வேலைக்குப் போய்வந்தவள். ஊசிக்காரர் வந்த அன்றும் பிள்ளைக்குக் குத்திவிடச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். "வரவேயில்லன்னுதான எங்கிட்ட சொன்னீக" என்றாள். அவ்வளவுதான்.

அன்று வீடுவீடாக ஏணி சாத்தும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் பூண்டு நெடியோடு இறங்கி வந்து உங்கள் முன் கை நீட்டினார்கள். என் மனைவி துணிமூட்டையோடு மலையிறங்கிப் பிறந்த வீட்டுக்குப் போனாள். திரும்பவில்லை.

என்னைச் சாவடியில் பேசவிடுமுன், இது அவளுக்குத் தெரியுமா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன்பின் ஊர் ஊராக என் கதையைப் பேர் சொல்லாமல் சொன்னீர்கள். பேர் எதற்கு? வட்டக்கானல் வரைக்கும் என்னைப் 'பரண்காரர்' என்றுதான் சொன்னார்கள். ஒருமுறை கதவுக்கு வெளியே நின்று, "கேட்டிருக்கணும்ண்ணே, என் தப்புதான்" என்றீர்கள். நான் திறக்கவில்லை. இப்போது வந்தாலும் திறக்க மாட்டேன்.

புது ஆள் கிளம்பும்போது, இந்த ஊரில் பிள்ளைகளே இல்லை போலிருக்கிறதே என்றார். மறுபடி ஏணியை எடுத்துவிட்டார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு சாவடிக்குப் போனேன். உங்களிடமும் சொல்லாத ஒன்றை இன்று சொன்னேன். அன்று ஊசிக்காரர் போனபிறகு பூண்டுக்கட்டுக்குப் பின்னாலிருந்து என் மகள் கேட்டாள்: "அப்பா, போயிட்டாகளா? நான் சத்தமே போடல."

சமர்த்து என்று சொல்லி அவளைத் தூக்கி இறக்கினேன். அந்தக் கனம் இன்னும் இந்தக் கைகளில் இருக்கிறது.