அறுபதாயிரம் பேரும் ஒரு துறைமுகமும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால், எனக்குக் கண், இதைத் தவிர எங்களுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்ற நினைப்பில்தான் இதைத் தொடங்குகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ நடுவிலே அம்மா ஒரு நிமிஷம் என்று யாரிடமோ பேசப் போய்விடுகிறாய், திரும்பி வரும்போது எனக்குச் சொல்ல வந்தது பாதி ஆறிப்போய்விடுகிறது. இது ஆறக் கூடாத விஷயம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்தே படி, பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அறைச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது, ஆளை வரவழைத்துப் பூசிவிட்டோம். அப்பா பஸ் ஓட்டுவதை விட்டு ஆறு வருஷமாகியும் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும்போது வலது காலால் பிரேக் போடுகிறார், அதில்தான் முழங்கால் போயிற்று என்று நான் சொன்னால் கோபம் வருகிறது. உன் பழைய கணினியை நான் எடுத்துக்கொண்டேன், கேட்காமல் எடுத்ததற்குக் கோபிக்காதே, அதில் நீ பள்ளி நாட்களில் விளையாடிய அந்தச் சரித்திர விளையாட்டைத்தான் நான்கு மாதமாக விளையாடிப் பழகுகிறேன். சிரிக்காதே. நீ அரசாங்கம் நடத்திக்கொண்டு சாப்பிட வராமல் இருந்தபோது நான் எத்தனை நாள் உன்னைத் திட்டியிருக்கிறேன், இப்போது அப்பா அதே திட்டை வார்த்தை மாறாமல் என்னைத் திட்டுகிறார், போகும்போதும் வரும்போதும் "இன்னைக்கு எத்தனை பேரைக் கொன்னே" என்று வேறு கேட்டுவிட்டுப் போகிறார்.

எப்படி ஆரம்பித்தது என்றால், ஒரு சனிக்கிழமை புத்தகம் திருப்பிக் கொடுக்க நூலகம் போனேன். மாடியில் ஆறு கணினி போட்டு, ஓய்வு பெற்றவர்களுக்கு மூளை துருப்பிடிக்காமல் இருக்க இந்த விளையாட்டை ஏற்பாடு செய்திருக்கிறார் நூலகர். ஆளுக்கு ஒரு நாடு, எல்லோரும் ஒரே வரைபடத்தில், சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆரம்பம். ஒருவர் குறைகிறார், வருகிறீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் அந்த முதுகைப் பார்த்தேன். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது, கை மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது. ஆஸ்பத்திரியில் நாங்கள் அவனை இஸ்திரி என்றுதான் சொல்வோம். எங்கள் கண்காணிப்பாளன். நான் உடனே பெயர் கொடுத்துவிட்டேன்.

உனக்கு அப்போது எட்டு வயது, அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும், முழுக்க ஒரு தடவை எழுதிவிடுகிறேன். இருபத்தொரு வருஷம் ஆகிறது. நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் காலை ட்யூட்டி. யாரோ பெரிய மனிதரின் உறவுக்காரருக்கு ரிப்போர்ட் சீக்கிரம் வேண்டும் என்று இந்த ஆள் தானே உள்ளே வந்தான், நான் கையுறையோடு இயந்திரத்தின் பக்கம் நிற்கிறேன், ஸ்டாண்டில் இருந்த ரத்தக் குப்பிகளைத் தானே உருவினான், லேபிளைத் தானே ஒட்டினான். சார் நான் பார்த்து ஒட்டறேன் என்று சொன்னேன், எனக்குத் தெரியாதா என்றான். இரண்டு குப்பிக்கு லேபிள் மாறிப்போயிற்று. ஒரு தச்சருக்கு வேறொருவருடைய ரத்த வகையை ஏற்றிவிட்டார்கள், ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார். விசாரணை வந்ததும் பணியில் இருந்தவரின் கவனக்குறைவு என்று எழுதி என் பெயரைப் போட்டான். நான் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவே இல்லை. அந்தத் தச்சரின் மனைவி வராந்தாவில் என்னை வழிமறித்து, ஒன்றுமே பேசாமல், என் கைகள் இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அதற்குப் பிறகு என்னை அடித்தளத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள், பஞ்சும் கட்டுத்துணியும் எண்ணிக் கொடுக்கிற வேலை, ஜன்னல் கிடையாது, ஓய்வு பெறும்வரை பதினோரு வருஷம்.

நூலகத்தில் அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அதுதான் எனக்கு முதலில் பற்றிக்கொண்டது. முகத்தைச் சாய்த்துப் பார்த்து "உங்களை எங்கயாவது பார்த்திருக்கேனா?" என்றான். மார்க்கெட்டில் பார்த்திருப்பீர்கள் என்றேன். நல்ல நாடெல்லாம் எடுத்துவிட்டார்கள், அவனிடம் கண்டத்தின் பாதி, பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு தையல்காரரிடம் கடலுக்கு அக்கரையில் ஒரு கோட்டை ராஜ்ஜியம், கடைசியாக வந்த எனக்குக் கடல் நடுவே ஒரு தீவு. மூன்று ஊர், ஒரு துறைமுகம், எட்டுக் கப்பல், அதில் ஐந்து மீன்பிடிப் படகு. இரும்பு கிடையாது, குதிரை கிடையாது, ராஜா என்று ஒரு நோஞ்சான் படம். மூன்று மணிக்கு ஆரம்பித்து நான்கு மணிக்குள் என் கரையில் அவன் படை இறங்கிவிட்டது. தீவை அழிக்கவில்லை, தனக்கு அடங்கிய நாடு என்று ஆக்கிக்கொண்டான். "பயப்படாதீங்கம்மா, உங்க தீவை நான் பார்த்துக்கறேன். நீங்க பேசாம முடிஞ்சுதுங்கற பொத்தானை மட்டும் அழுத்துங்க, போதும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சரிங்க சார் என்றேன். அந்தச் சார் என்ற சொல் என் வாயில் அப்படியே பழைய இடத்தில் போய் உட்கார்ந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வீட்டுக்கு வந்து உன் கணினியைத் துடைத்து வைத்தேன். கீழே ஸ்டோரில் பதினோரு வருஷம் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் பஞ்சு வராவிட்டால் கை கட்டி நிற்க வேண்டியதுதான். படைக்கும் அப்படித்தானே. அதனால் நான் கோட்டை கட்டவில்லை, படை சேர்க்கவில்லை. காட்டை வெட்டிக் கப்பல் கட்டினேன், கிடங்கு கட்டினேன், பொத்தானையும் அழுத்தினேன். அவன் எது கேட்டாலும் கொடுத்தேன். உங்கள் படை என் துறைமுகத்தில் தங்கலாம் சார், உங்கள் தானியத்தை என் கிடங்கில் வைக்கலாம் சார், உங்கள் கப்பல்களை ஏன் இங்கே வீணாக நிறுத்துகிறீர்கள், வடக்கே சண்டைக்கு அனுப்புங்கள், ஆட்களை ஏற்றி இறக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன் சார். பன்னிரண்டு சனிக்கிழமை. என் பக்கம் தலை திருப்பிக்கூடப் பார்க்காமல் "அந்தத் தீவம்மா பார்த்துக்குவாங்க" என்று மற்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்தான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பதின்மூன்றாவது சனிக்கிழமை தையல்காரர் மேல் படையெடுத்தான். அறுபதாயிரம் பேர், அவன் தரைப்படை மொத்தமும், என் கப்பல்களில் ஏறி அக்கரையில் இறங்கினார்கள். அதற்கு முன்னாலேயே நான் தையல்காரரைப் படிக்கட்டில் பிடித்து, வயலில் இருக்கிற தானியம் எல்லாவற்றையும் கோட்டைக்குள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துங்கள், என்ன செய்தாலும் வெளியே வராதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் வாயில் குண்டூசி இருப்பது போல உதட்டை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அன்றைக்கென்று இஸ்திரியின் மகளும் வந்திருந்தாள், அப்பாவைக் கூட்டிப் போக, முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் பையோடு அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். "பாரு, அப்பா இன்னைக்கு இந்தக் கடல் முழுசையும் பிடிச்சுடறேன்" என்று அவளிடம் சொன்னான். நான் என் கப்பல்களைத் திருப்பி அழைத்தேன். துறைமுகத்தை மூடினேன். இரண்டு இடத்தில் சண்டையில் மாட்டிக்கொண்டிருக்கும் ராஜாவிடமிருந்து அடங்கிய நாடு விலகிக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது, நான் அதை அழுத்தினேன்.

ஒரு தடவை எல்லோரும் பொத்தானை அழுத்தினால் ஒரு மாதம் போகும். முதல் மாதம் பட்டினியில் அவன் படை ஐம்பத்திரண்டாயிரமாகக் குறைந்தது. இரண்டாவது மாதம் நாற்பத்தொன்று. அவனுக்குப் புரியவே நேரம் பிடித்தது. அவன் கப்பல்கள் வடக்கிலிருந்து வந்து சேர நாலு மாதம் ஆகும், தானியம் எல்லாம் என் கிடங்கில். "என்னம்மா, தெரியாம ஏதோ அழுத்திட்டீங்க போல, துறைமுகம் மூடிக்கிடக்கு" என்றான். தெரிந்துதான் சார் என்றேன். முதல் தடவையாக நாற்காலியைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தான். மூன்றாவது மாதம் இருபத்தெட்டாயிரம். "சரி, என்ன வேணும் உங்களுக்கு, ரெண்டு ஊர் தரேன்" என்றான். ஊர் வேண்டாம் சார் என்றேன், சும்மா விளையாட்டுதானே, ஒரு உண்மையைச் சொல்லுங்கள் திறந்துவிடுகிறேன், நீங்கள் செய்த தப்புக்கு வேறு யாராவது மாட்டிக்கொண்டு நீங்கள் தப்பித்தது உண்டா என்று கேட்டேன். தையல்காரர் "சொல்லுங்க சார், படை சாகுது" என்று எடுத்துக் கொடுத்தார். நூலகர்கூடச் சிரித்தார்.

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தன் சாமர்த்தியத்தைச் சொல்லக் கேட்டால் விடுகிற ஆளா அவன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு கதை மாதிரிச் சொன்னான். "ஆஸ்பத்திரியில ஒரு தடவை லேபிள் மாத்தி ஒட்டிட்டேன். நான்தான் ஒட்டினேன். ஒருத்தன் சாகக் கிடந்தான், மேல இருந்து கேள்வி வந்துடுச்சு. ட்யூட்டியில ஒரு லேடி இருந்தா, அவ பேர்ல எழுதித் தள்ளிட்டேன். அவளுக்கு ஒண்ணும் பெரிசா ஆகலை, வேலையெல்லாம் போகலை, கீழ ஸ்டோர்ல போட்டோம், நிழல்ல உட்கார்ந்து சம்பளம் வாங்கினா." சொல்லிவிட்டு, திறங்க என்பது போலக் கையைக் காட்டினான்.

நான் நினைத்து வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. "பதினோரு வருஷம்" என்றேன். "அங்க ஜன்னல் கிடையாது. அந்த லேடி நான்தான்." பின்னால் நின்ற மகள் பையைக் கீழே வைத்துவிட்டு "அப்பா, நிஜமாவா?" என்றாள். அவன் திரையைப் பார்த்தபடி என்னிடம், "திறக்கறேன்னு சொன்னீங்களே" என்றான். அந்த நேரத்திலும் அவனுக்குப் படைதான். சொன்னேன்தான். நான் வாக்குத் தவறினேன், மகளே, உன்னை வளர்த்த அம்மா நாலு பேர் முன்னால் கூசாமல் வாக்குத் தவறினேன். முடிந்தது பொத்தானை அழுத்தினேன். என்னைப் பார்த்துத் தையல்காரர் அழுத்தினார், மற்ற மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக அழுத்தினார்கள், அவனும் அழுத்தினால்தான் மாதம் போகும். அவன் கை எழவில்லை. அவன் மகள் குனிந்து, அவன் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, அதை அழுத்தினாள். அடுத்து ஒன்பதாயிரம். மறுபடியும் அவளே அழுத்தினாள், அடுத்து ஒன்றுமில்லை.

அப்பாவிடம் வந்து சொன்னேன். "அந்தப் பொண்ணு முன்னாடியாடி சொல்ல வெச்சே, பாவம் இல்லையா" என்றார். ஆமாம், அந்தப் பெண் முன்னாடிதான் என்றேன். எனக்கு அதில் வருத்தம் துளியும் இல்லை, வயசானவன் என்று இரக்கமும் வரவில்லை, அன்று மாலை இரண்டு கப் டீ குடித்தேன், அவ்வளவு நன்றாக இருந்தது. அடுத்த வாரம் அவன் வரவில்லை, மகள் வந்தாள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல் என்றேன். இரண்டே நாளில் கொண்டுவந்து கொடுத்தாள், நாலு வரி, எழுத்தும் இஸ்திரி போட்ட மாதிரிதான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். அலுவலகத்தில் இருந்த சின்னப் பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டு, அந்தக் கோப்புகளை எல்லாம் அழித்துப் பல வருஷம் ஆகிறது, இதைச் சேர்ப்பதற்கு இங்கே இடமே இல்லை அம்மா என்றாள்.

இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். உனக்குப் பதினாறு வயதில், ஏதோ சுற்றுலா போக நான் விடவில்லை என்று நமக்குள் சண்டை வந்தது, கதவருகே நின்று நீ சொன்னாய், தப்புப் பண்ணாதவங்களையா கீழ அனுப்புவாங்க என்று. சொல்லிவிட்டு நீ தூங்கிவிட்டாய், காலையில் சாக்ஸ் எங்கே என்று கேட்டாய், உனக்கு நினைவுகூட இருக்காது. அந்தத் தச்சரின் மனைவி என் கையைப் பார்த்ததைத் தாங்கினேன், அந்த இஸ்திரி எழுதியதைத் தாங்கினேன், இதைத்தான் பதின்மூன்று வருஷமாக என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவன் எழுதிக் கொடுத்ததன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். நிதானமாகப் படி. படித்துவிட்டு எனக்குப் பதில் எழுது. மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம், அழுதுகொண்டு போன் செய்யவும் வேண்டாம், செய்தால் எடுக்க மாட்டேன். அம்மா, அந்தத் தப்பை நீ செய்யவில்லை என்று ஒரு வரி, உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பு.

தோள்பட்டை வலிக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்கிறாய், இந்த வாரமே போய்ப் பார். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், உன் பேரில் யாரும் பொய்யாக ஒரு எழுத்தும் எழுதாமல் இருக்க வேண்டும், அப்படி எழுதினால் அவர்கள் முகத்தை நீ மறக்காமல் இருக்க வேண்டும், இதுதான் என் ஆசீர்வாதம். அப்பாவும் தன் ஆசியைச் சொல்லச் சொன்னார். தபால்காரர் நம் தெருவுக்குப் பதினொரு மணிக்கு வருகிறார், நான் வாசலில்தான் இருப்பேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா